எபிசோட் 38: எலி நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மனச்சோர்வா?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்தியது)



ஒரு கண்ணாடி உருளை. கால் தரையைத் தொடாத ஆழத்துக்குத் தண்ணீர், சூடு சுமார் 25 டிகிரி. அதில் ஒரு சுண்டெலியை மெதுவாக இறக்குகிறார்கள். முதலில் அது சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரைப் பிறாண்டும், ஏறப் பார்க்கும். வழி இல்லைன்னு ஆனதும் அசையாமல் மிதக்க ஆரம்பிக்கும். மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே. மொத்தம் 6 நிமிஷம். கடைசி 4 நிமிஷத்தில் எத்தனை விநாடி சும்மா மிதந்தது என்று எண்ணுவார்கள். பிறகு எடுத்து, துடைத்து, கூண்டில் விட்டுவிடுவார்கள்.

இதுக்குப் பேர் கட்டாய நீச்சல் சோதனை. "இந்த நொதியைத் தடுத்தால் மனச்சோர்வு குறைகிறது" என்று ஒரு செய்தியைப் படித்தீர்கள் என்றால், அதற்குப் பின்னால் பல நேரம் இந்த உருளை இருக்கும். இல்லையென்றால் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது: வாலில் டேப் ஒட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு, அதே 6 நிமிஷம் எண்ணுவது.

போன மாசம் ஒரு நேயர் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். ஒன்றில், மூளை நொதியைத் தடுத்து எலிகளின் மனச்சோர்வைப் போக்கிவிட்டார்கள் என்று தலைப்பு. இன்னொன்றில், செரட்டோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதே கட்டுக்கதை என்று தலைப்பு. கீழே இவ்வளவுதான்: "ப்ரோ, எட்டு மாசமா மாத்திரை சாப்பிடுறேன். இதுல எது உண்மை? நிறுத்திடலாமா?"

நிறுத்துவதைப் பற்றி நான் பேச முடியாது, நான் கோடு எழுதுகிற ஆள். திடீர்னு நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம், டாக்டரிடம் பேசாமல் ஒரு மாத்திரையைக்கூட விடாதீங்க என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் "எது உண்மை"க்கு மெசேஜில் பதில் சொல்ல முடியவில்லை. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

ஒரு சின்ன விஷயம். தமிழில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையும் மன அழுத்தம் என்றே எழுதுகிறோம். இங்கே நான் பேசுவது டிப்ரஷன் பற்றி மட்டும். அதை மனச்சோர்வு என்றே சொல்லப்போகிறேன்.

கதை 1928-இல், கேம்பிரிட்ஜில் ஆரம்பிக்கிறது. மேரி ஹேர் என்ற ஆராய்ச்சி மாணவி, கல்லீரலிலிருந்து ஒரு புதிய நொதியைக் கண்டுபிடித்தார். அது டைரமின் என்ற பொருளைச் சிதைத்தது. அதனால் டைரமின் ஆக்ஸிடேஸ் என்று பெயர் வைத்தார். பிற்பாடுதான் அது டைரமினை மட்டுமல்ல, செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் என்று ஒரு குடும்பத்தையே சிதைக்கும் என்று தெரிந்து, மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்று பெயர் மாறியது. சுருக்கமாக எம்.ஏ.ஓ. நரம்பு செல்லுக்குள் இதன் வேலை துப்புரவு. சேமிப்புப் பைக்குள் போகாமல் வெளியே கிடக்கும் அமைன்களைப் பிடித்து உடைத்துவிடும். அந்த டைரமின் என்ற பெயரை மறந்துடாதீங்க, அது திரும்ப வரும்.

அடுத்து 1952, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு, சீ வியூ மருத்துவமனை. காசநோய் வார்டு. அங்கே ஐசோநியாசிட், ஐப்ரோநியாசிட் என்று இரண்டு புதிய மருந்துகளைச் சோதித்தார்கள். ஐசோநியாசிட் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இன்றைக்கும் காசநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான். ஐப்ரோநியாசிட் கொடுத்தவர்களிடம் வேறொன்று நடந்தது. நுரையீரல் சரியாவதற்கு முன்பே ஆட்கள் கலகலப்பாகிவிட்டார்கள். பசி, தூக்கம், பேச்சு எல்லாம் திரும்பியது. வார்டில் நோயாளிகள் ஆடுகிற புகைப்படங்கள் பத்திரிகையில் வந்தன. டாக்டர்கள் இதைப் பக்க விளைவு என்று எழுதிவைத்தார்கள். அதே 1952-இல் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் செல்லர் என்ற உயிர்வேதியியலாளர், ஐப்ரோநியாசிட் எம்.ஏ.ஓ. நொதியை முடக்குகிறது என்று காட்டினார். ஐசோநியாசிட் முடக்கவில்லை. அண்ணன் தம்பி மாதிரி இரண்டு மூலக்கூறுகள். நொதியைத் தொடுவதுதான் மனசையும் தொடுகிறது.

இதுவரைக்கும் விலங்கு எதுவும் வரவில்லை, கவனிச்சீங்களா? மனிதர்களிடம் தற்செயலாகப் பார்த்த விளைவு, சோதனைக் குழாயில் பார்த்த ஒரு நொதி. இரண்டையும் இணைத்த விலங்கு ஒரு முயல். அந்த முயலுக்குக் கொடுத்த மருந்து நம்ம ஊரிலிருந்து போனது.

சர்ப்பகந்தா என்ற செடியின் வேர், இந்தியாவில் பல காலமாகப் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுக்கப்பட்டது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது மனநோயிலும் ரத்த அழுத்தத்திலும் வேலை செய்வதைப் பற்றி எழுதினார்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ரஸ்தம் ஜால் வகீலின் கட்டுரை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வந்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசெர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தத்துக்குக் கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்றன. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து, அழுதுகொண்டு, மனச்சோர்வில் விழுந்ததாக டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

1955-இல் அமெரிக்காவின் தேசிய இதய நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழு, ரிசெர்பின் கொடுத்த முயலிடம் செரட்டோனின் காலியாகிறது என்று கண்டது. முயலும் குன்றிப்போய், கண் பாதி மூடி, தொட்டாலும் நகராமல் உட்கார்ந்திருந்தது. இப்போது ஐப்ரோநியாசிட்டை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ரிசெர்பின் கொடுத்தால்? விலங்கு தூங்கவில்லை. தலைகீழாக, துறுதுறுவென்று ஓடியது.

ஏன்னு பார்ப்போம், இந்தப் பகுதி அழகு. ரிசெர்பின், செல்லுக்குள் அமைன்களைச் சேர்த்துவைக்கும் பைகளின் பம்ப்பை அடைத்துவிடும். பையில் எதுவும் தங்காது, எல்லாம் வெளியே கசியும். கசிந்ததை எம்.ஏ.ஓ. பெருக்கித் தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் கடை காலி. ஆனால் துப்புரவாளரை முன்கூட்டியே கட்டிப்போட்டிருந்தால், கசிந்தது எல்லாம் அங்கேயே குவியும். அதனால் விலங்கு விழித்துக்கொள்கிறது.

நியூயார்க் ராக்லாண்ட் மாநில மருத்துவமனையின் மனநல மருத்துவர் நேதன் கிளைன் காதுக்கு இந்த விலங்குச் செய்தி எட்டியது. ஐப்ரோநியாசிட்டை அவர் மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957 ஏப்ரலில் முடிவுகளை அறிவித்தார். மருந்து ஏற்கெனவே காசநோய்க்காகக் கடையில் இருந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. ஒரே வருஷத்தில் சுமார் 4 லட்சம் பேர் மனச்சோர்வுக்காக அதைச் சாப்பிட்டார்கள். 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் போன்றவர்கள் இதையெல்லாம் கோத்து, அமைன் குறைந்தால் மனச்சோர்வு, கூடினால் தெளிவு என்று ஒரு கருதுகோளாக எழுதினார்கள். செரட்டோனின் கதை அந்த மரத்தின் கிளைதான்.

இப்போ அந்த முயலிடம் திரும்பிப் போவோம். எனக்கு இந்தத் தலைப்பில் தூக்கம் கெட்ட இடம் இதுதான்.

1957-இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதே மாதிரி ரிசெர்பின் கொடுத்து முடங்கிப்போன விலங்குகளுக்கு, செரட்டோனினாக மாறும் மூலப்பொருளைக் கொடுத்தார். விழிக்கவில்லை. டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்தார். சில நிமிஷங்களில் எழுந்து நடந்தன. அதிலிருந்து டோபமைன் மூளையில் தனியாக ஒரு செய்தி கடத்தி என்பதும், பார்கின்சன் நோய்க்கு எல்-டோபா கொடுக்கலாம் என்பதும் வந்தன. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு. அதாவது அந்த முயல் அசையாமல் உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம், உடம்பை அசைக்கத் தேவையான டோபமைன் தீர்ந்துபோனது. பார்கின்சன் நோயாளியின் உடல் உறைவதற்கு அது ரொம்பக் கிட்டே. துக்கத்துக்கு எவ்வளவு கிட்டே என்று முயலைக் கேட்க முடியாது.

இன்னொன்று. 1955-இல், முயல் ஆய்வு வந்த அதே வருஷம், லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் மனச்சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரிசெர்பினையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டு லான்செட்டில் எழுதினார்கள். ரிசெர்பின் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட நன்றாக இருந்தார்கள்! மனச்சோர்வை உண்டாக்குவதாகச் சொல்லப்பட்ட மருந்து. அந்தக் கட்டுரை அலமாரிக்குள் போனது, முயல் பாடப்புத்தகத்துக்குள் போனது.

டெவலப்பர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை செய்கிற பழைய கோடின் அவுட்புட்டை அப்படியே சேமித்து, "இனிமேல் இதே வந்தால் பாஸ்" என்று டெஸ்ட் எழுதுவோம் இல்லையா? அந்த டெஸ்ட் பச்சையாக எரிந்தால் புதிய கோடு பழைய கோடு மாதிரியே நடக்கிறது என்று தெரியும். சரியாக நடக்கிறதா என்று தெரியாது. மனச்சோர்வுக்கான விலங்குச் சோதனைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறந்தன. 1960-களில் ஒரு புதிய மூலக்கூறு மனச்சோர்வுக்கு உதவுமா என்று பார்க்க, ரிசெர்பின் கொடுத்த விலங்கை அது எழுப்புகிறதா என்று பார்த்தார்கள். ஐப்ரோநியாசிட் எழுப்பியது, இமிப்ரமின் எழுப்பியது. அவற்றைப் போன்ற மருந்துகள் எல்லாம் பாஸ். வேறு வழியில் வேலை செய்யக்கூடிய மருந்து ஒன்று வந்திருந்தால் வாசலிலேயே ஃபெயிலாகித் திரும்பியிருக்கும்.

நீச்சல் உருளையும் அந்த வரிசையில் வந்ததுதான். 1977-இல் பிரான்சில் ரோஜர் போர்சோல்ட் அதை அறிமுகப்படுத்தினார். அப்போது இருந்த மருந்துகளைக் கொடுத்தால் எலி அதிக நேரம் நீந்தியது. அதனால் சோதனை செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். மலிவு, வேகம், ஒரு நாளில் பதில். ஆனால் காஃபியில் உள்ள கஃபீன் கொடுத்தாலும் எலி அதிகம் நீந்தும். ஆம்பெட்டமைன் கொடுத்தாலும் நீந்தும். சும்மாவே துள்ளுகிற எலிக்கு மனசு தெளிந்துவிட்டது என்று கணக்கு வந்துவிடக் கூடாது என்பதால்தான், நல்ல ஆய்வுகளில் எலியைத் திறந்த பெட்டியில் விட்டு அதன் சாதாரண நடமாட்டத்தையும் தனியே அளப்பார்கள். அதைவிட வேடிக்கை, இன்று நம்மில் பலர் சாப்பிடுகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளைப் பழைய வடிவ எலிச் சோதனை சரியாகப் பிடிக்கவே இல்லை. 1990-களில் நீந்துவதையும் சுவரில் ஏறுவதையும் தனித்தனியாக எண்ண ஆரம்பித்த பிறகுதான் அவை கண்ணில் பட்டன.

எலி மிதப்பது நம்பிக்கை இழந்ததாலா? சக்தியைச் சேமிக்கக் கற்றுக்கொண்டதாலும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. கிணற்றில் விழுந்தவன் கத்திக் கத்தி ஓய்ந்து, விளிம்பைப் பிடித்து மிதந்தால் அவனைப் புத்திசாலி என்றுதானே சொல்வோம்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இந்தச் சோதனையைச் சட்டம் போட்டே தடை செய்தது.

நேரம் பற்றியும் சொல்லணும். எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்து நொதியை முடக்கத் தொடங்க சில மணி நேரம் போதும். ஃபினெல்சின் போன்ற பழைய மருந்துகள் நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். மருந்தை நிறுத்தினாலும் உடம்பு புதிய நொதியைச் செய்துமுடிக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதனால்தான் வேறு மருந்துக்கு மாறும்போது அத்தனை நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். ஆனால் மனிதருக்கு மனம் தேறப் பல வாரம் பிடிக்கிறது. நொதி முதல் சில நாளிலேயே மடங்கிவிட்டது, மனசு மூன்றாவது நான்காவது வாரம் வரைக்கும் காத்திருக்கிறது என்றால் நடுவில் வேறு ஏதோ மெதுவாக நடக்கிறது என்றுதானே அர்த்தம்? நரம்பு இணைப்புகள் மாறுவது, மரபணுக்கள் வேறு மாதிரி இயங்குவது என்று பல யோசனைகள் உண்டு. உருளைச் சோதனையிலோ, எலிக்கு ஒரே நாளுக்குள் இரண்டு மூன்று ஊசி போட்டால் போதும். அந்த மெதுவான பாதியை அது பார்ப்பதே இல்லை.

விலங்குகள் சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயம் பாலாடைக்கட்டியில் இருந்தது. எலிக்கு சீஸ் என்பது கார்ட்டூனில்தான். ஆய்வக எலிக்குக் கிடைப்பது உருண்டைத் தீவனம். 1960-களின் ஆரம்பத்தில் எம்.ஏ.ஓ. மருந்து சாப்பிட்ட சிலருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. இங்கிலாந்தில் ஒரு மருந்தாளுநர், தன் மனைவிக்கு சீஸ் சாப்பிட்ட பிறகு இது வருகிறது என்று கடிதம் எழுதினார். இளம் டாக்டர் பாரி பிளாக்வெல் அதைத் தொடர்ந்து போய் 1963-இல் லான்செட்டில் எழுதினார். நாள்பட்ட சீஸில் நிறைய டைரமின் இருக்கிறது. சொன்னேனே, மேரி ஹேர் நொதிக்குக் கொடுத்த முதல் பெயர்! குடலிலும் கல்லீரலிலும் உட்கார்ந்து டைரமினை உடைக்க வேண்டிய நொதியையும் மருந்து சேர்த்தே முடக்கிவிட்டது. உடையாத டைரமின் ரத்தத்தில் ஏறி, நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினைத் தள்ளிவிட, ரத்த அழுத்தம் எகிறியது. ஐப்ரோநியாசிட் இதற்கு முன்பே, 1961-இல், கல்லீரலைக் கெடுத்ததால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டிருந்தது. 1968-இல் இந்த நொதியில் ஏ, பி என இரண்டு வகை உண்டு என்று தெரிந்த பிறகு கவனமான மருந்துகள் வந்தன. தோலில் ஒட்டும் செலிகிலின் பட்டைக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோல் வழியாகப் போவதால் குடலில் உள்ள நொதியை அது அவ்வளவாகத் தொடாது.

வேறொரு நொதி, வேறொரு கதை. பாஸ்போடையெஸ்டரேஸ்-4 என்ற நொதியை ரோலிப்ராம் என்ற மருந்து தடுக்கும். 1980-களில் அது விலங்குச் சோதனைகளில் பிரமாதமாகத் தேறியது. ரிசெர்பின் விலங்கு எழுந்தது, உருளை எலி நீந்தியது. மனிதர்களிடம் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் பழைய மருந்துகளை மிஞ்சவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் குமட்டல், வாந்தி. எலிச் சோதனையில் ஏன் தெரியவில்லை? எலிகளால் வாந்தி எடுக்க முடியாது. அந்த அனிச்சைச் செயலே அவற்றுக்குக் கிடையாது.

சரி, எலிகளையே தூக்கி எறிந்துவிடலாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1987-இல் பால் வில்னர் குழு வேறு மாதிரி யோசித்தது. எலிகளுக்கு வாரக்கணக்கில் சின்னச் சின்னத் தொல்லைகள்: கூண்டைச் சாய்த்துவைப்பது, ஈரப் படுக்கை, இரவிலும் விளக்கு. கொஞ்ச நாளில் எலி சர்க்கரைத் தண்ணீரில் ஆர்வம் இழக்கிறது. பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது மனச்சோர்வின் முக்கிய அடையாளம் இல்லையா? மருந்தைச் சில வாரம் தொடர்ந்து கொடுத்தால்தான் ஆர்வம் திரும்புகிறது. ஒரு ஊசியில் நடக்காது. மனிதருக்குக் கிட்டே வருகிற சோதனை என்று இதைச் சொல்லலாம். ஆனால் மாசக்கணக்கில் உழைப்பு, எல்லா ஆய்வகத்திலும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. அதனால் பலர் 6 நிமிஷ உருளைக்கே ஓடுகிறார்கள்.

இப்போ அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட். 2022-இல் ஜோவன்னா மோன்கிரீஃப் குழு பல வருஷ ஆய்வுகளைத் திரட்டி, மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரட்டோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. 2018-இல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் வைத்து, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. சராசரி வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருக்கிறது. இரண்டும் மோதவில்லை. காய்ச்சல் வருவது உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் இல்லையே. ஆஸ்பிரின் 1899-இல் சந்தைக்கு வந்தது. அது உடம்பில் எதைத் தடுக்கிறது என்று ஜான் வேன் காட்டியது 1971-இல். நடுவில் 70 வருஷம் மக்களுக்குத் தலைவலி போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் சரிந்தால், அது வேலை செய்வதும் சேர்ந்து சரியாது. உங்களுக்கு வேலை செய்கிறதா என்று இந்த இரண்டு கட்டுரையும் சொல்லாது. எட்டு மாசமாக உங்களைப் பார்க்கிற டாக்டரும் நீங்களும்தான் சொல்ல முடியும். டாக்டர் இல்லை, இப்பவே யாரிடமாவது பேசணும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நொதிக் கதையும் முடிந்துவிடவில்லை. 2006-இல் டொரன்டோவில் ஜெஃப்ரி மேயர் குழு, மருந்து சாப்பிடாத மனச்சோர்வு நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்து, எம்.ஏ.ஓ.-ஏ அளவு சராசரியாக 34 சதவீதம் கூடுதல் என்றது. நோயாளிகள் 17 பேர், ஒப்பிட 17 பேர், சின்ன ஆய்வுதான். ஆனால் எலியை நடுவில் வைக்காமல், நோய் உள்ள மூளையிலேயே நொதியை அளந்தது.

அடுத்த தடவை "எலிகளில் மனச்சோர்வு நீங்கியது" என்று ஒரு தலைப்பு வந்தால், நான் முதலில் தேடுவது எந்தச் சோதனை என்பது. உருளை மட்டும்தானா, சர்க்கரைத் தண்ணீரும் உண்டா? மருந்து ஒரு நாளா, மூன்று வாரமா? எலியின் சாதாரண நடமாட்டத்தை அளந்தார்களா? ஆண் எலிகள் மட்டுமா? மனச்சோர்வு பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் ரொம்ப காலம் ஆண் எலிகளை மட்டுமே தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இது பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கத்திலேயே இருக்கும், செய்தியில்தான் இருக்காது.

கெட்டமைன் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. வாரக்கணக்கில் காத்திருக்காமல் சில மணி நேரத்தில் வேலை செய்கிற மருந்து. அதிலும் ஒரு நொதி வருகிறது, அதிலும் உருளை வருகிறது. அது அடுத்த எபிசோட்.